வருமானம் எங்கிருந்து வருகிறது?

அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் சீட்டு என்றால் விளக்கம் தேவையில்லை. மாதம் ஐயாயிரம் வீதம் இருபது பேர் கட்டும் ஒரு லட்ச ரூபாய் ஏலச் சீட்டையே எடுத்துக்கொள்வோம். மகள் கல்யாணத்துக்கு அவசரமாகப் பணம் வேண்டிய ஒருவர் இருபதாயிரம் தள்ளி, எண்பதாயிரத்துக்குச் சீட்டை எடுக்கிறார். தள்ளிய தொகையில் சீட்டு பிடிப்பவரின் கமிஷன் போக மீதி, எல்லோருக்கும் கழிவாக வருகிறது. அந்த லாபம் யார் கையிலிருந்து, எதற்காக வந்தது என்பது சீட்டு கட்டும் அத்தனை பேருக்கும் தெரியும்.

பிட்காயினிடம் இதே கேள்வியைக் கேட்டால் பதில் இல்லை. அது வட்டி தராது, வாடகை தராது, ஒரு போல்ட் கூடச் செய்து விற்காது. நாளைக்கு இன்னொருவர் கூடுதல் விலைக்கு வாங்கினால்தான் நமக்கு லாபம். 2.1 கோடி காயின்களுக்கு மேல் வராது என்கிறார்கள், சரிதான். எண்ணிக்கை குறைவு என்பதாலேயே ஒரு பொருள் சம்பாதித்துக் கொடுத்துவிடாது. 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்ட விலை, அடுத்த நவம்பரில் 16,000க்குப் போனது. பிறகு பழைய உச்சத்தையும் தாண்டியது, மறுக்கவில்லை. ஆனால் அடிமட்டத்தில் விற்க வேண்டிய கட்டாயம் யாருக்கு வரும்? டேங்க் ஃபேக்டரியிலோ தொழிற்பேட்டையிலோ வாங்கும் சம்பளத்தை மட்டும் நம்பியிருக்கும் குடும்பத்துக்குத்தான்.

‘கிரிப்டோவுக்கு அரசாங்கமே வரி வாங்குகிறதே’ என்று தைரியம் சொல்பவர்கள் அந்த வரியைச் சற்று கவனிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் லாபத்தில் 30 சதவீதம், அதன்மேல் 4 சதவீதம் செஸ். ஒரு காயினில் ஐம்பதாயிரம் லாபம், இன்னொன்றில் அறுபதாயிரம் நஷ்டம் என்றால் மொத்தத்தில் கைநட்டம் பத்தாயிரம். ஆனாலும் நஷ்டத்தைக் கழிக்க விடமாட்டார்கள். 15,600 ரூபாய் வரி கட்டியாக வேண்டும்.

2025 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் ஓர் உத்தரவு வந்தது. சென்னையிலிருந்து பணம் செலுத்திய ஒருவர், 2024 ஜனவரியில் வாசிர்எக்ஸ் என்ற கிரிப்டோ வர்த்தகத் தளத்தில் 1,98,516 ரூபாய்க்கு எக்ஸ்ஆர்பி என்ற காயினை வாங்கியிருந்தார். அதே ஆண்டு ஜூலையில் அந்தத் தளத்திலிருந்து ஏறத்தாழ 23 கோடி டாலர் மதிப்புள்ள கிரிப்டோ களவு போனது. களவு போனவை வேறு டோக்கன்கள். ஆனாலும் இவர் கணக்கும் முடங்கியது. நீதிபதி என்.ஆனந்த் வெங்கடேஷ், கிரிப்டோவும் சொத்துதான் என்று சொல்லி அவருக்கு இடைக்காலப் பாதுகாப்பு கொடுத்தார். நல்ல உத்தரவு. பறிபோகும்போது கோர்ட்டுக்குப் போக உரிமை உண்டு என்பதுதான் அதன் பொருள். கிரிப்டோ லாபம் தரும் என்று நீதிமன்றம் எங்கும் சான்று கொடுக்கவில்லை. ‘கோர்ட்டே சொல்லிடுச்சு’ என்று யாராவது வாட்ஸ்அப்பில் அனுப்பினால், தயவுசெய்து அதை நம்பிப் பணம் போடாதீர்கள்.

வங்கி திவாலானால் 5 லட்சம் வரை காப்பீடு இருக்கிறது. கிரிப்டோவுக்கு அப்படி எதுவும் கிடையாது. வாசிர்எக்ஸில் காயின் வைத்திருந்தவர்கள் வர்த்தகம் மறுபடி தொடங்கப் பதினைந்து மாதம் காத்திருந்தார்கள். பிள்ளையின் காலேஜ் ஃபீஸ் அவ்வளவு நாள் காத்திருக்காது.