கலைவாணர் வழங்கிய நகைச்செல்வம்

மெய்ப்பாடுகளை எட்டாகப் பகுத்த தொல்காப்பியர் நகையையே முதற்கண் வைத்தனர். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என்னும் நான்கினின்றும் அது பிறக்கும் என்பது அவர் கொள்கை. பிறரை எள்ளி நகைத்தல் எளிது. நகைப்பித்துத் திருத்துதலோ அரிது. அவ்வரிய செயலைத் திரைப்படத்திலே இயற்றிக் காட்டியவர் கலைவாணர் என். எஸ். கிருஷ்ணன்.

கச்சிராயபாளையம் முதலாகக் கல்வராயன் மலையடிவாரத்தே வாழ்வோர் தெருக்கூத்தை நன்கறிவர். கூத்திலே கட்டியங்காரன் அரசனையும் கேலி செய்வான். புராணக் கதையினிடையே ஊர்நடப்பைப் புகுத்துவான். அதன்பொருட்டு அவனை முனிவார் இலர். மக்களுக்காகப் பேசும் அவ்வுரிமையே கலைவாணரின் நடிப்பிலும் விளங்கிற்று எனலாம்.

அவர் 1908-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 29-ஆம் நாள் நாகர்கோவிலை அடுத்த ஒழுகினசேரியில் வறிய குடும்பத்திற் பிறந்தார். பள்ளிப் படிப்பு நெடிது வாய்க்கவில்லை. நாடகக் கொட்டகையிலே தின்பண்டம் விற்றவர், வில்லுப்பாட்டுப் பயின்று, பின்னர் டி. கே. எஸ். சகோதரர்களின் நாடக சபையிற் சேர்ந்தார். 1936-இல் எல்லிஸ் ஆர். டங்கன் இயக்கத்தில் வெளிவந்த 'சதி லீலாவதி' திரைப்படத்தில் நடித்தார். டி. ஏ. மதுரம் அம்மையார் அவருக்கு வாழ்க்கைத் துணைவியாகவும் நடிப்புத் துணைவியாகவும் அமைந்தார்.

புகழின் உச்சியில் நின்றவரைப் பெருந்துன்பம் சூழ்ந்தது. 1944-இல் பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் கொலை வழக்கில், எம். கே. தியாகராஜ பாகவதருடன் அவரும் சிறைப்பட்டார். ஆயுள் தண்டனையும் பெற்றார். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்று மீள விசாரிக்கப்பெற்று, 1947-இல் இருவரும் குற்றமற்றவரென விடுதலையாயினர். சிறைவாசத்திற்குப்பின் பாகவதரின் பழம்புகழ் மீளவில்லை. கிருஷ்ணனோ மீண்டும் மக்களை நகைப்பித்தார். துயருற்ற உள்ளத்தினின்றும் கைப்பு நீங்கிய நகை பிறத்தல் வியப்பன்றோ?

1949-இல் சி. என். அண்ணாதுரை கதை வசனம் எழுதிய 'நல்லதம்பி' படத்தில் அவர் மதுவிலக்கை வலியுறுத்தினார். அப்படத்திலமைந்த 'கிந்தனார்' காலட்சேபம் மாணவராகிய நம் கருத்துக்கு உரியது. சிதம்பர தரிசனத்தை விழைந்த நந்தனாரின் கதைப்போக்கைத் தழுவி, கல்வியை விழைந்த தாழ்த்தப்பட்ட குலச் சிறுவனொருவன் வரலாற்றை அது கூறுகின்றது. அங்கே நகைக்கப்படுபவன் அச்சிறுவன் அல்லன். அவன் கல்விக்குக் குறுக்கே நிற்கும் வழக்கங்களே நகைக்கப்படுகின்றன. கலைவாணர் கலையின் நுட்பம் இதுவே.

ஈட்டிய பொருளை இரந்தோர்க்கு வரையாது ஈந்த அவர், 1957-ஆம் ஆண்டு ஆகஸ்டு 30-ஆம் நாள் தம் நாற்பத்தெட்டாம் அகவையிலேயே மறைந்தார். சென்னைத் தியாகராய நகரில் அவர் சிலையை 1969-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளன்று, நோயுற்றிருந்த முதலமைச்சர் அண்ணா திறந்துவைத்தார். அரசினர் மன்றமொன்று கலைவாணர் அரங்கம் என்று இன்றும் அவர் பெயர் தாங்கி நிற்கின்றது.

ஆயினும், அவர் விட்டுச்சென்ற உண்மைச் செல்வம் ஓர் அளவுகோலே. எளியவனைக் கண்டு நகைக்கின்றோமா, எளியவனை வருத்தும் மடமையைக் கண்டு நகைக்கின்றோமா என்பதே அது. விடுதியிலும் வகுப்பிலும் கேலி பேசும் நாம் ஒவ்வொருவரும் அக்கோலால் நம் நகையை அளந்து பார்த்தல் நன்று.