மஞ்சளும் கல்லீரல் வடுவும்

வெள்ளைச் சட்டையில் சாம்பார் சிந்திவிட்டால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சள் கறையின்மேல் சோப்பைத் தேய்த்தவுடன், கறை போவதற்குப் பதிலாகச் செக்கச் சிவந்து நிற்கும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலக்கும்போது நடப்பதும் இதுதான். மஞ்சளுக்கு நிறம் தரும் பொருளின் பெயர் குர்குமின். அதன் மூலக்கூறில் உள்ள ஹைட்ராக்சில் தொகுதிகளிலிருந்து ஹைட்ரஜனைக் காரம் அயனியாகப் பறித்துக்கொள்கிறது. அதனால்தான் நிறம் மாறுகிறது. எளிதில் விட்டுக்கொடுக்கும் இந்த ஹைட்ரஜனை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நம் கதையில் அது மறுபடியும் வரும்.

சென்ற ஆண்டு என் தாய்மாமா ஒரு சோதனைச் சீட்டை என்னிடம் நீட்டினார். “காலேஜில் பாடம் நடத்துகிறாயே, இது என்னப்பா? மஞ்சள் மாத்திரை சாப்பிட்டால் குறையுமாமே?” என்று கேட்டார். அதில் ‘கல்லீரலின் விறைப்பு 9 கிலோபாஸ்கல்’ என்று இருந்தது. பாஸ்கல் என்ற சொல்லைக் கண்டதும் எனக்குத் தெம்பு வந்துவிட்டது. அது எங்கள் பௌதிகக்காரர்களின் சொத்து அல்லவா?

அந்தக் கருவி செய்வது மிக எளிய வேலை. விலா எலும்புகளுக்கு இடையே ஒரு முனையை வைத்து, வினாடிக்கு 50 அதிர்வுகள் கொண்ட மெல்லிய தட்டு ஒன்றைத் தட்டுகிறது. அந்த அலை கல்லீரலுக்குள் எவ்வளவு வேகமாக ஓடுகிறது என்பதை மீயொலியைக் கொண்டு அளக்கிறது. தளர்ந்த கயிற்றைவிட முறுக்கிக் கட்டிய கயிற்றில் அலை விரைந்து ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். அதுபோல விறைத்த கல்லீரலில் அலைக்கு வேகம் அதிகம். வேகத்தின் வர்க்கத்தை அடர்த்தியால் பெருக்கி, அதை மூன்றால் பெருக்கினால் விறைப்பு கிடைக்கும். கல்லீரலின் அடர்த்தியை ஏறக்குறைய நீரின் அடர்த்தியாகவே, அதாவது 1000 என்றே கொள்வோம். அலை வினாடிக்கு 1 மீட்டர் ஓடினால் விறைப்பு 3 கிலோபாஸ்கல். 2 மீட்டர் ஓடினால் 12. நலமான கல்லீரல் 5-ஐ ஒட்டி இருக்கும். சுமார் 12, 13-ஐத் தாண்டினால் சிரோசிஸ் என்னும் முற்றிய நிலையோ என்று மருத்துவர்கள் ஐயுறுவார்கள். மாமாவின் 9-க்கு உரிய வேகம் என்ன? நீங்களே கணக்கிடலாம், விடை 3-இன் வர்க்கமூலம்தான்.

கல்லீரல் ஏன் விறைக்கிறது? 1876-இல் குப்ஃபர் என்ற ஜெர்மானிய அறிஞர் கல்லீரல் துண்டைத் தங்க குளோரைடில் ஊறவைத்துப் பார்த்தபோது, நட்சத்திரம் போலக் கிளைகள் நீண்ட செல்களைக் கண்டார். இவை வைட்டமின் ஏ-யைச் சேமித்துக்கொண்டு சாதுவாக இருப்பவை. ஆனால் அக்கம்பக்கத்துச் செல்கள் மது, வைரஸ், மிகைக் கொழுப்பு போன்றவற்றால் அடிபட்டுச் சிதையும்போது இவற்றின் குணமே மாறிவிடுகிறது. சேமிப்பைக் கைவிட்டுவிட்டு, கொலாஜன் என்னும் நாரை நூற்றுக் குவிக்கின்றன. முழங்காலில் காயம் ஆறிய இடத்தில் தடித்து நிற்கும் வடுவும் இதே சரக்குதான். கல்லீரலோ நாள்தோறும் அடிபடுகிறது. ஆகவே நாரும் நாள்தோறும் சேர்கிறது.

இதை ஆராய, எலிகளுக்குக் கார்பன் டெட்ராகுளோரைடு கொடுப்பது நெடுநாள் வழக்கம். கல்லீரலின் நொதி ஒன்று அதிலிருந்து ஒரு குளோரினைப் பிரித்துவிடுகிறது. எஞ்சிய துண்டில் ஓர் எலக்ட்ரான் இணையின்றித் தனித்து நிற்கும். இதற்குத் தனி உறுப்பு என்று பெயர். பசித்த இந்த உறுப்பு, செல் சவ்வின் கொழுப்பிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்கிறது. பறிகொடுத்த கொழுப்பு ஆக்சிஜனோடு சேர்ந்து அடுத்ததிடம் பறிக்கிறது. இப்படியே சங்கிலியாய் நீள்கிறது. இங்கேதான் குர்குமின் குறுக்கிடுகிறது. தன் ஹைட்ரஜனை அதுவே கொடுத்துவிட, சங்கிலி அறுகிறது. எலக்ட்ரானை இழந்தும் அது கொள்ளைக்காரனாக மாறுவதில்லை. அதன் நீண்ட இரட்டைப் பிணைப்புத் தொடர் அந்தக் குறையைத் தன் உடல் முழுதும் பரப்பிக்கொள்கிறது. எதிர் ஆக்சிகரணி என்று இதைச் சொல்வது இதனால்தான்.

சோதனைகளில் குர்குமின் உண்ட எலிகளுக்கு நார் குறைவாகவே சேர்ந்தது. கண்ணாடித் தட்டில் வளர்த்த நட்சத்திரச் செல்களும் அடங்கின. ஆனால் பல சோதனைகளில் நஞ்சையும் குர்குமினையும் ஒரே காலத்தில் கொடுத்தார்கள். தீ பரவாமல் தடுப்பது வேறு, எரிந்த வீட்டைத் திரும்பக் கட்டுவது வேறு அல்லவா?

அளவையும் பாருங்கள். எலிக்கு ஒரு கிலோ எடைக்கு 100 மில்லிகிராம் என்றால், 60 கிலோ மனிதருக்கு 6 கிராம். மஞ்சள்தூளில் குர்குமின் நூற்றுக்கு 3 பங்குதான். ஆக நாளுக்கு 200 கிராம் தூள்! எலிக்கும் மனிதனுக்கும் எடை விகிதத்தில் நேராகக் கணக்கிடக் கூடாது, ஆறில் ஒரு பங்கு போதும் என்பார்கள். அப்படியும் 33 கிராம். விழுங்கினாலும் அது நிற்பதில்லை. குடலும் கல்லீரலுமே அதைப் பிற பொருள்களோடு பிணைத்து வெளியே அனுப்பிவிடுகின்றன. 2001-இல் வெளியான தைவான் ஆய்வில் நாளுக்கு 8 கிராம் குர்குமின் உண்டவர்களின் ரத்தத்தில், லிட்டருக்கு சராசரியாக ஒரு மில்லிகிராம்கூட எட்டவில்லை.

இதற்கு ஒரு தந்திரமும் உண்டு. 1998-இல் பெங்களூர் செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரியினர், 2 கிராம் குர்குமினோடு மிளகின் காரப்பொருளான பைபரீனை 20 மில்லிகிராம் சேர்த்தால், மனித ரத்தத்தில் குர்குமின் சேர்வது 20 மடங்கு உயர்வதாகக் கண்டார்கள். மாத்திரைக்காரர்கள் இதை விடுவார்களா? பல குப்பிகளில் இன்று பைபரீனும் இருக்கிறது.

நான் சற்று அஞ்சுவது இங்கேதான். அமெரிக்காவில் மருந்துகளால் கல்லீரல் கெடுவதைக் கண்காணிக்கும் குழு, மஞ்சள் மாத்திரையால் கல்லீரல் பாதிக்கப்பட்ட 10 பேரைப் பற்றி 2022-இல் எழுதியது. அவர்களில் 5 பேர் மருத்துவமனையில் சேர வேண்டியதாயிற்று, ஒருவர் இறந்தார். 7 பேரிடம் ஒரே வகை மரபணுக் கூறு இருந்தது. குழம்பில் போடும் அரைக் கரண்டிக்கு இந்தக் கதை பொருந்தாது. ஆனால் கல்லீரலைக் காக்க வாங்கிய பொருளே அதைத் தாக்கலாம் என்பதை அறிந்திருக்க வேண்டும்.

அப்படியானால் வடு கரையவே கரையாதா? கரையும். 2013-இல் வெளியான ஆய்வொன்றில், ஹெபடைடிஸ் பி வைரஸை அடக்கும் டெனோஃபோவிர் மருந்தை 5 ஆண்டுகள் உண்டவர்களைச் சோதித்தார்கள். தொடக்கத்தில் சிரோசிஸ் இருந்த 96 பேரில் 71 பேருக்கு அது நீங்கியிருந்தது! அந்த மருந்து நாரைத் தொடுவதே இல்லை. அடிப்பவனைத்தான் நிறுத்தியது, நாரைக் கல்லீரலே கரைத்துக்கொண்டது. குர்குமின் மனிதரிடம் வடுவைக் கரைப்பதாகக் காட்டிய இத்தகைய சான்று இன்னும் இல்லை.

மாமா தம் குப்பியை மருத்துவரிடம் காட்டினார். அவருக்குக் கல்லீரலில் கொழுப்புச் சேர்ந்திருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டு எடையைக் குறைக்கச் சொன்னார் மருத்துவர். ஆறு மாதத்தில் 7 கிலோ இறங்கியது. சீட்டில் 9 போய் 7 வந்தது. மாமாவுக்கு ஒரே குதூகலம். நான் பௌதிகக்காரனாயிற்றே, சும்மா இருப்பேனா? சாப்பிட்டவுடன் அளந்தால் கல்லீரலுக்கு ரத்தம் கூடி இந்த எண் ஏறிவிடும். மூன்று மணி நேரமாவது வெறும் வயிற்றில் இருக்க வேண்டும். “முதல் தடவை இட்லி சாப்பிட்டுவிட்டுப் போனீர்களா மாமா?” என்று கேட்டேன். நினைவில்லை என்றார்.