துணைச் சேவையகம் எழாதபோது

பாடசாலை இடாப்பை ஒருவர் எழுத, அருகிருந்து மற்றொருவர் அதனை வரிக்கு வரி படியெடுத்து வருவாராயின், முதலேடு பழுதுற்றாலும் படியேடு கைகொடுக்கும். கணனிகளில் தரவுத்தளங்களைக் காக்கும் முறையும் இதுவே. முதன்மைச் சேவையகம் தன்பால் நிகழும் ஒவ்வொரு மாற்றத்தையும் குறித்துக்கொண்டே செல்லும். துணைச் சேவையகம் அக்குறிப்புகளைப் பெற்றுத் தன்னிடத்தும் பதிந்துகொள்ளும். முதன்மை வீழ்ந்தால் துணை அதன் இடத்தை ஏற்கும்.

ஆனால், துணை மிகவும் பின்தங்கி, அது படிக்குமுன்னரே முதன்மை பழைய குறிப்புகளை அகற்றிவிட்டால் யாது செய்வது? விட்ட இடத்திலிருந்து தொடர வழியில்லை. துணையை வெறுமையாக்கி, முழுவதையும் புதிதாகப் படியெடுத்தலே வேண்டும்.

2017ஆம் ஆண்டு ஜனவரி மாதம் 31ஆந் திகதி, கிட்லாப் என்னும் நிறுவனத்திற்கு இந்நிலையே நேர்ந்தது. அங்கே பயன்பட்டது போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளம். படியெடுக்க முனைந்தபோது, குறிப்புகளை அனுப்பும் வழிகள் போதா என்று அறிவிப்பு வந்தது. அவ்வெண்ணிக்கையை 32 ஆக உயர்த்தினர். உடனே முதன்மைச் சேவையகம் மீண்டும் எழ மறுத்தது. ஒரே வேளையில் 8,000 இணைப்புகளுக்கு இடமளிக்கும்படி முன்னரே குறித்திருந்தமையால், இயங்குதளம் தரவல்ல அளவை அதன் தேவை விஞ்சிற்று. 2,000 ஆகக் குறைத்தபின் அது எழுந்தது. துணையில் தோன்றிய நோய்க்கு மருந்து முதன்மையின் அமைப்பில் இருந்தமை இங்கே நோக்கத்தக்கது.

பின்னரும் படியெடுக்கும் கருவி வாளாவிருந்தது. உண்மையில், முதன்மை ஆயத்தமாகும்வரை அது காத்திருந்ததேயன்றிப் பழுதுறவில்லை. இதனை அறியாத பொறியியலாளர் ஒருவர், துணையில் எஞ்சிய கோப்புகளே தடையெனக் கருதி அவற்றை அழிக்கக் கட்டளையிட்டார். அந்தோ! அக்கட்டளை சென்றது முதன்மைக்கு. ஓரிரு விநாடிகளில் பிழையை உணர்ந்து நிறுத்தியும், ஏறத்தாழ 300 கிகாபைற்று தரவு மறைந்துவிட்டது.

நாள்தோறும் நிகழ்வதாக எண்ணியிருந்த காப்புப்படியும் கிட்டவில்லை. கருவியின் பதிப்பு தரவுத்தளத்தின் பதிப்போடு ஒவ்வாமையால் அவ்வேலை முன்னரே தவறி வந்தது. தவறியதை அறிவிக்கும் அஞ்சலும் உரியவரைச் சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் ஒருவர் கையால் எடுத்த படியே நிறுவனத்தைக் காத்தது. அந்த ஆறு மணி நேரப் பதிவுகள் மீளவில்லை.

ஆகவே, துணைச் சேவையகம் எழாதவிடத்து, முதலில் அறிவிப்பேட்டைப் படித்தல் வேண்டும். இரு சேவையகங்களின் அமைப்புகளையும் ஒப்புநோக்கல் வேண்டும். மௌனத்தைப் பழுதென முடிவுகட்டலாகாது. எதனையும் அழிக்குமுன், கை எந்தச் சேவையகத்தின்மேல் இருக்கிறதென்று மீண்டும் ஒருமுறை பார்த்தல் வேண்டும். காப்புப்படி உண்டென்று நம்புதல் போதாது. அதிலிருந்து தரவை மீட்டெடுத்துப் பார்த்தபின்னரே அது காப்பாகும்.