ஓட்டுப் போட 16 வயசு போதுமா? தனுஷ்கோடியிலிருந்து ஒரு கணக்கு

தனுஷ்கோடி முனையில் நின்றால், கடலுக்கு அந்தப் பக்கம் சுமார் 30 கிலோமீட்டரில் தலைமன்னார். 1964 புயல் வரும்வரை இரண்டு ஊருக்கும் நடுவே பயணிகள் கப்பல் ஓடியது. அந்தக் கப்பல் ஓடிய காலத்திலேயே இலங்கை, வாக்களிக்கும் வயதை 21-லிருந்து 18 ஆகக் குறைத்துவிட்டது. அது 1959. இந்தக் கரையில் இருந்த 18 வயது இளைஞருக்கு அதே உரிமை கிடைக்க இன்னும் 30 வருஷம் ஆனது.

இப்போ அடுத்த கேள்வி: 18-ஐ 16 ஆக்கலாமா? 16 வயதினருக்கும் வாக்குரிமை தரப்போவதாக 2025 ஜூலையில் பிரிட்டன் அரசு அறிவித்த பிறகு, இது மறுபடியும் பேசுபொருளாகியிருக்கிறது.

நம்ம ஊரில் 21 எப்போ 18 ஆனது?

ராஜீவ் காந்தி ஆட்சியில் கொண்டுவரப்பட்ட 61-வது அரசியலமைப்புத் திருத்தம்தான் 326-வது பிரிவில் இருந்த 21-ஐ 18 ஆக மாற்றியது. 1988 டிசம்பரில் நாடாளுமன்றத்தில் நிறைவேறி, 1989 மார்ச் 28-ல் அமலுக்கு வந்தது.

தமிழ்நாட்டுக்கு இதில் ஒரு சோகம் உண்டு. இங்கே சட்டமன்றத் தேர்தல் 1989 ஜனவரி 21-லேயே முடிந்துவிட்டது. ராமநாதபுரம் உட்பட மாநிலம் முழுக்க 18 முதல் 20 வயதில் இருந்தவர்கள், சுமார் இரண்டு மாத வித்தியாசத்தில் வாய்ப்பைத் தவறவிட்டார்கள். அதே வருஷம் நவம்பரில் நடந்த மக்களவைத் தேர்தல்தான் அவர்களுக்கு முதல் ஓட்டு.

16 வயதில் ஓட்டு எங்கெல்லாம் இருக்கு?

பிரேசிலில் 1988 முதல் 16, 17 வயதினர் விரும்பினால் வாக்களிக்கலாம். ஆஸ்திரியா 2007-லும், அர்ஜென்டினா 2012-லும், மால்டா 2018-லும் வயதை 16 ஆகக் குறைத்தன. ஸ்காட்லாந்து 2014 சுதந்திர வாக்கெடுப்பில் 16 வயதினரையும் சேர்த்துக்கொண்டது.

இரண்டு பக்க வாதம் என்ன?

ஆதரிப்பவர்கள் சொல்வது: 14 வயது தாண்டியவர் ஆபத்தில்லாத வேலைக்குப் போகச் சட்டம் அனுமதிக்கிறது. 16 வயதுக்கு மேற்பட்டவர் கொடுங்குற்றத்தில் சிக்கினால், பெரியவரைப் போல விசாரிக்க 2015 சிறார் நீதிச் சட்டம் வழி வைத்திருக்கிறது. தண்டனைக்குப் பெரியவர், ஓட்டுக்கு மட்டும் சின்னப் பிள்ளையா? பாக் நீரிணை மீன்பிடிப் பிரச்சினையில் இன்று எடுக்கும் முடிவோடு அதிக வருஷம் வாழப்போவது பாம்பன், தங்கச்சிமடத்தில் பிளஸ் ஒன் படிக்கும் பிள்ளைகள்தானே?

எதிர்ப்பவர்கள் சொல்வது: சட்டப்படி மேஜர் வயது 18. அதற்குக் கீழே ஓர் ஒப்பந்தத்தில்கூடக் கையெழுத்துப் போட முடியாது. வீட்டில் சொல்கிற சின்னத்துக்கே அந்த ஓட்டு போகும், கட்சிக்கொடி வகுப்பறைக்குள் வந்துவிடும் என்பதும் அவர்கள் கவலை. இந்தக் கவலையை ஒதுக்கிவிட முடியாது. ஆனால், வீட்டுக்காகவும் சாதிக்காகவும் ஓட்டுப் போடுகிற பழக்கம் 40 வயதிலும் இருக்கிறது என்பதையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

நிஜத்தில் முதல் ஓட்டு எத்தனை வயதில்?

இங்கேதான் பலர் கவனிக்காத கணக்கு இருக்கு. ராமேஸ்வரத்தில் ஒருவர் 2006 ஏப்ரல் 10-ல் பிறந்தார் என்று வைத்துக்கொள்வோம். 2024 ஏப்ரல் 19-ல் மக்களவைத் தேர்தல் நடந்தபோது அவருக்கு 18 நிறைந்துவிட்டது. ஆனாலும் ஓட்டு இல்லை. காரணம், ஏப்ரல் 1-க்குள் 18 நிறைந்திருக்க வேண்டும். அடுத்த மக்களவைத் தேர்தல் வழக்கம்போல 2029-ல் வந்தால், அப்போது அவருக்கு வயது 23.

சட்டத்தில் இருப்பது 18. பிறந்த தேதியைப் பொறுத்து, மக்களவைக்கான முதல் ஓட்டு 18-க்கும் 23-க்கும் நடுவே எங்கேயும் விழலாம். வயதை 16 ஆக்கினால் இது 16 முதல் 21 வரை என்று மாறும். அதாவது, பலருக்கு அப்போதுதான் முதல் ஓட்டு 18 வயதையொட்டிக் கிடைக்கும். 16-க்கு ஆதரவான வாதங்களில் வலுவானது இதுதான்.

வயது மட்டும் போதுமா?

போதாது. அதற்கும் இந்தக் கடற்கரையே சாட்சி. மண்டபம் முகாம் வழியாக இலங்கைத் தேயிலைத் தோட்டங்களுக்குப் போன தமிழர்களில் பெரும்பாலோர், 1948, 1949 சட்டங்களால் குடியுரிமையையும் ஓட்டையும் இழந்தார்கள். 1959-ல் வயது 18 ஆனபோது, அந்த வீட்டுப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. பட்டியலில் பெயர் இல்லாதவருக்கு வயது வரம்பு எதுவாக இருந்தால் என்ன?

இந்தியாவில் 16-க்கு மாற இன்னொரு அரசியலமைப்புத் திருத்தம் வேண்டும். அது வருமா, எப்போ வரும் என்பது நாடாளுமன்றத்தின் கையில். இப்போதைக்கு நம் கையில் இருப்பது பட்டியல்தான்.

முன்பு ஜனவரி 1 மட்டுமே தகுதி நாள். ஜனவரி 2-ல் பிறந்தவர் ஏறக்குறைய ஒரு வருஷம் காத்திருக்கணும். இப்போ ஜனவரி 1, ஏப்ரல் 1, ஜூலை 1, அக்டோபர் 1 என நான்கு தகுதி நாட்கள். 17 நிறைந்ததுமே படிவம் 6-ல் முன்கூட்டியே விண்ணப்பிக்கலாம். ஆன்லைனில் செய்யலாம், வாக்குச்சாவடி நிலை அலுவலரிடமும் கொடுக்கலாம். சந்தேகம் இருந்தால் 1950-க்கு அழைக்கலாம்.

பிளஸ் டூ முடித்ததும் மதுரைக்கோ சென்னைக்கோ கிளம்புகிற பிள்ளைகள் அதிகம் உள்ள மாவட்டம் இது. போன பிறகு பெயர் சேர்க்க ஊருக்கு வருவது லேசில்லை. உங்கள் வீட்டில் 17 வயதில் யாராவது இருந்தால், பெட்டி கட்டுவதற்கு முன்னால் அந்தப் படிவத்தை நிரப்பச் சொல்லுங்கள்.