கல்லூரிக் கடனும் தவணை கடந்த பாக்கியும்

இராஜபாளையம் வட்டாரத்துப் பாண்டேஜ் துணி நெசவாளர் இல்லங்களிலும், ஸ்ரீவில்லிபுத்தூரைச் சூழ்ந்த தறிக்காரர், சாகுபடிக்காரர் குடும்பங்களிலும் பிள்ளையின் படிப்பிற்காக பாங்கில் கடன் பெறுவது இன்று புதுமையன்று. நூல் கடனிலும் பயிர்க் கடனிலும் ‘தவணை கடந்த பாக்கி’ இன்னதென்பதை நம் அங்கத்தினர் நன்கறிவர். கல்விக் கடனில் அது விளையும் விதமோ வேறு.

2001ஆம் ஆண்டில் இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டப்படி 4 இலட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்பதில்லை. படிப்புக் காலத்திலும், அதன்பின் ஓராண்டும் தவணை இல்லை. தவணை இல்லையெனில் வட்டியும் இல்லை என எண்ணுவோர் பலர். அங்கேதான் கணக்குப் பிசகுகிறது.

ஆண்டுத் தொடக்கந்தோறும் 1 இலட்சமாக 4 ஆண்டுகளில் 4 இலட்சம் பெற்றதாகவும், வட்டி 10 சதவிகிதம் எனவும் கொள்வோம். ஐந்தாம் ஆண்டு முடிவில் தனிவட்டி மட்டும் 1,40,000 ரூபாய். அது அசலோடு சேர, கடன் 5,40,000 ஆகிறது. பத்தாண்டில் தீர்க்க மாதம் ஏறத்தாழ 7,136 ரூபாய் வேண்டும். வட்டியை அவ்வப்போது செலுத்தி வந்திருந்தால் தவணை 5,286 ரூபாயே. பதினைந்தாண்டாக நீட்டினால் 5,803 ரூபாயாகக் குறையும் என்பது உண்மைதான். ஆனால் மொத்தத்தில் 1,88,000 ரூபாய்க்கு மேல் கூடுதலாகப் போகும். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பிள்ளையின் சம்பளத்தில் இந்த வேறுபாடு சிறிதன்று.

தவணை 90 நாட்களுக்கு மேல் நிலுவையாயின் அது வாராக்கடன். பெற்றோர் கூட்டுக் கடனாளி ஆதலால், மகனின் பாக்கி தந்தையின் பெயரிலும் ஏறும். பின்னர் அவர் தறிக்கோ, கறவை மாட்டிற்கோ பாங்குக் கடன் கேட்கையில் அதுவே குறுக்கே நிற்கும்.

அமெரிக்காவில் இக்கணக்கைக் கல்லூரி வாரியாகவே எடுக்கின்றனர். ஓர் ஆண்டில் திருப்பிச் செலுத்தத் தொடங்கியோருள், மூன்று நிதியாண்டுகளுக்குள் தவறியவர் எத்தனை பேர் எனப் பார்க்கின்றனர். தொடர்ந்து மூன்றாண்டு 30 சதவிகிதம் எட்டினாலும், ஓராண்டில் 40ஐத் தாண்டினாலும், அக்கல்லூரி மாணவருக்கு அரசுக் கடன் நின்றுபோகலாம். ஆயினும் தவணையை ஒத்திப்போட்டவர் தவறியவராக எண்ணப்படுவதில்லை. எனவே குறைந்த எண்ணிக்கை நற்சான்று ஆகாது. நம் பிள்ளைகளைச் சேர்க்குமுன், சேர்ந்தோரில் எத்தனை பேர் பட்டம் பெற்றனர், முதல் சம்பளம் என்ன என்று சென்ற ஆண்டு முடித்த மாணவரிடமே விசாரிப்பது, விளம்பரப் பலகையைப் படிப்பதினும் பயன் தரும்.

குடும்ப வருமானம் ஆண்டுக்கு 4.5 இலட்சத்திற்கு உட்பட்டால், 2009-10இல் மத்திய அரசு தொடங்கிய வட்டி மானியத்தைக் கேட்கலாம். நோயன்றி வேறு காரணத்தால் இடையில் படிப்பை விட்டவர்க்கு அது கிட்டாது. வேலை கிடைக்கவில்லையெனில், முதல் தவணை நாளுக்கு முன்பே கிளை மேலாளரிடம் எழுத்து மூலம் அவகாசம் கோருக; வேலையின்மைக் காலத்திற்குத் தவணையை நிறுத்திவைக்கத் திட்டத்தில் இடமுண்டு. மனுவின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரையும் தேதியும் வாங்கிவைத்துக்கொள்க.