எலிக்கு அடைக்க வேண்டிய வழி

முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் மேலூர், வாடிப்பட்டிப் பக்கம் நெல் அறுவடை முடிந்துவிட்டால் வயலில் எலிக்கு இரையும் குறைகிறது, மறைவும் குறைகிறது. அவை ஊருக்குள் வரும்போது, நாள்கணக்கில் அசையாமல் நிற்கும் காரைவிடப் பத்திரமான இடம் வேறென்ன? பலரும் பானெட்டைத் திறந்து ஒயரை மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடுகிறார்கள். முன்கண்ணாடிக்குக் கீழே, வைப்பர் ஓரம் இருக்கும் காற்றுத் துளைதான் ஏசி குழாய்க்குப் போகும் வழி. உள்ளே இருக்கும் ஃபில்டரின் நார் கூடு கட்டத் தோதானது.

ஆகவே, விரட்டுவதைவிட வழியை அடைப்பதே மேல். 6 மி.மீ. இடைவெளி கிடைத்தாலே சுண்டெலி நுழைந்துவிடும். அதைவிடச் சிறிய கண் உள்ள துருப்பிடிக்காத கம்பிவலை வேண்டும். பிளாஸ்டிக் வலையைக் கடித்துவிடும். புகையிலை வைத்தால் போதாதா என்பார்கள். அதன் நெடி கொஞ்ச நாளில் போய்விடும், வழி திறந்தே கிடக்கும். விஷம் இன்னும் மோசம்: குழாய்க்குள் செத்த எலியை எடுக்க டாஷ்போர்டையே கழற்ற வேண்டி வரலாம். வலை காற்றைத் தடுக்குமே என்ற கவலை பாதி நியாயம்தான். வேப்பஞ்சருகு சேர்ந்தால் அடைக்கும், அவ்வப்போது கையால் அள்ளிப் போட்டால் சரி. நிறுத்தும்போது ஏசியை உள்காற்றுக்கு மாற்றிவிட்டால் பல கார்களில் வெளிக்காற்றுக் கதவு மூடிக்கொள்ளும். ஏற்கெனவே புழுக்கை கிடந்தால் ப்ளோயரைப் போடாதீர்கள். கையுறை, முகக்கவசத்தோடு, கிருமிநாசினியில் நனைத்துத் துடைத்துவிட்டு ஃபில்டரை மாற்றுங்கள்.