ஆற்றுக்கும் செடிக்கும் ஒரே சொல்

தாமிரபரணியை ஆங்கிலத்தில் ‘பெரன்னியல்’ ஆறு என்பார்கள். லத்தீனில் ‘பெர்’ என்றால் ஊடாக, ‘அன்னுஸ்’ என்றால் ஆண்டு. அது பிறக்கும் பொதிகை மலையில் தென்மேற்கு, வடகிழக்கு என இரண்டு பருவமழையும் பெய்வதால் ஆண்டு முழுக்க நீரோட்டம். சொல் கச்சிதமாகப் பொருந்துகிறது!

செடிகளிடம் வந்தால் கணக்கு வேறு. எள், உளுந்து போல ஒரே பருவத்தில் முடிந்துபோவது ‘ஆனுவல்’. செம்பருத்தி, மல்லிகை போலப் பல ஆண்டுகள் வாழ்வது ‘பெரன்னியல்’.

கற்பவர்கள் தடுமாறுவது மூன்றாவது பயன்பாட்டில்தான். விட்டுவிட்டு மறுபடியும் மறுபடியும் வருவதற்கும் இதே சொல். மேட்டூர் பத்மராஜன் 1988 முதல் 200க்கும் மேற்பட்ட தேர்தல்களில் போட்டியிட்டவர். இப்படிப்பட்டவர் ‘பெரன்னியல் கேண்டிடேட்’.

நெடுநாள் உழைக்கும் செருப்புக்கு மட்டும் இது ஒட்டாது; அங்கே ‘டியூரபிள்’ என்றே சொல்ல வேண்டும்.